இரண்டு சென்டிமீட்டர் கூடுதல்

அந்தத் தெருவில் கால்காரர் என்று கேட்டால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள். வாடகைக்குப் புதிதாக வந்தவர்கள் இதென்ன பெயர் என்று விழிப்பார்கள். அவர் மரக்கடையிலிருந்து தூசியை உதறிக்கொண்டு வருவதைப் பார்த்ததும், இரண்டு காலும் ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று இன்னும் குழம்புவார்கள். அந்த நகரத்தில் முந்நூறு பேருக்கு மேல் அவர் கையால் செய்த காலில் நடந்தார்கள். நடந்தார்கள் என்றுதான் சொல்ல முடிகிறது. இப்போதும் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது.

முதலில் அவர் கதவு, ஜன்னல், மேசை செய்கிற தச்சர். ஒருநாள் காலையில் நரைத்த தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி கடைக்குள் வந்தாள். விற்பனைக்கு நின்ற மேசையின் இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பத்துத் தரம் ஆகியிருக்கும். "இது யாரு செஞ்சது?" என்று உள்ளூர்க் கொச்சையில் கேட்டாள். ஏதோ பழுது சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்த கடை முதலாளி, ஒரு நொடி தாமதிக்காமல் அவரைக் கைகாட்டிவிட்டார். ஒரு தொண்டு அமைப்புக்காகச் செயற்கைக் கால் பட்டறை தொடங்க வந்தவள் அவள்; அப்படித்தான் அவர் கால் செய்யப் போனார்.

அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பழைய கட்டில்கள் போட்டு வைத்திருந்த ஓர் அறை. அதைக் காலி செய்து, ஒரு பெரிய மின் அடுப்பு, காற்றை உறிஞ்சும் மோட்டார், ஒரு ரம்பம், நடை பழக இரண்டு கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான் பட்டறை. வெட்டுப்பட்டது போக மிஞ்சியதை அங்கே மீதிக்கால் என்பார்கள். மீதிக்காலுக்கு பிளாஸ்டர் சுற்றி அச்செடுத்து, அந்த அச்சின் மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, குளிர்ந்ததும் வெட்டி எடுத்தால் ஒரு கிண்ணம் வரும். மீதிக்கால் உட்காரப்போவது அதில்தான். கிண்ணம் சரியாக இருந்தால் ஆள் நடப்பார். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் செய்த கால் வீட்டு மூலைக்குப் போய்விடும்.

அந்த அம்மாள் எதையும் மூன்று முறை அளப்பாள். அதனால் நோயாளிகள் அவளுக்கு மூணுதரம் அம்மா என்று பெயர் வைத்தார்கள். பெயர் அவள் காதுக்கும் எட்டியது. கோபித்துக்கொள்ளவில்லை. "நாலு தரம் அளக்கணும். நான் சோம்பேறி," என்றாள்.

அளப்பதற்கு முன்னால் கேள்வி கேட்பாள். வீட்டில் எத்தனை படி? கழிப்பறையில் குத்துக்காலிட வேண்டுமா? வேலை நின்றுகொண்டா, உட்கார்ந்துகொண்டா? செருப்பை எங்கே கழற்றுவீர்கள்? ஒரு காய்கறிக்காரம்மா நாள் முழுக்கத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து விற்பவள். புதுக் காலோடு அவளால் முட்டியை முழுதாக மடக்க முடியவில்லை. கிண்ணத்தின் பின்விளிம்பை நான்கு தரம் தேய்த்தார்கள். நான்காவது தரம் மூணுதரம் அம்மா அவள் கடைக்கே போய், சாக்கின் மேல் பக்கத்தில் உட்கார்ந்து, மதியம்வரை தக்காளி எடை போடுவதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒரு காலுக்கு இத்தனை பாடா?" என்று கால்காரர் அலுத்துக்கொண்டார்.

"நீ செஞ்ச இழுப்பறையை யாரும் மாட்டிக்கிட்டு நடக்கலையே," என்றாள் அவள்.

காலையில் புதுக் கால், மதியத்துக்கு மேல் பழைய கால். இதுதான் பட்டறையின் ஒழுங்கு. மீதிக்கால் சும்மா இருக்காது, சூம்பும், வீங்கும். மூன்று மாதத்தில் கிண்ணம் தொளதொளக்கும். வராதவர்களைத் தேடி கால்காரரே சைக்கிளில் போவார். வருடத்துக்குத் தொண்ணூறு கால்கூடத் தேறாது. தலைமை அலுவலகத்திலிருந்து ஏன் இவ்வளவு குறைவு என்று கடிதம் வரும். அவள் பதில் எழுதுவாள். மறுபடி கடிதம் வரும். ஆறாவது வருடம் பதில் எழுதவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு, பட்டறையை வேறொரு பெரிய அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள்.

அவள் கிளம்புவதற்கு நான்கு மாதம் முன்னால்தான், கால்காரரின் தங்கை மகளை ஒரு லாரி பின்னோக்கி வந்து இடித்தது. குழந்தைக்கு அப்போது நாலு வயது. இடது முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு மீதியை எடுத்துவிட்டார்கள். தங்கை இஸ்திரிக் கடையில் வேலை பார்ப்பவள். அவள் கணவன் கண்காணாத ஊரில் கட்டட வேலை. அண்ணன் வீட்டு மாடியில்தான் இருந்தாள். மூணுதரம் அம்மா செய்த கடைசிக் கால் அந்தக் குழந்தைக்குத்தான். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பாதம். அதைப் போட்ட இரண்டாம் வாரமே குழந்தை கம்பிகளுக்கு நடுவே ஓடி, கண்ணாடியில் மோதி, தன்னையே திட்டினாள். அன்றிலிருந்து அவள் பெயர் வாலு.

"வருஷத்துக்கு ஒண்ணு," என்று மூணுதரம் அம்மா போகும்போது சொன்னாள். "குழந்தைக்கு வருஷத்துக்கு ஒரு கால். பதினெட்டு வயசு வரைக்கும். நீ இருக்கே, பயமில்லை."

புதிய அமைப்பின் மேலாளர் கெட்டவரில்லை. கால்காரர் யாரிடமும் அவரைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. இளைஞர், எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்வார், குழந்தைகளுக்குப் பலூன் ஊதித் தருவார். நகரத்துக்கு வெளியே கண்ணாடி வைத்த கட்டடம் எழுந்தது. ஐந்து பேரை வேலைக்கு எடுத்தார்கள். வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் தினமும் ஓர் எண் ஏறும். மூன்று வருடத்தில் ஆயிரம் கால் என்பது இலக்கு. மதிய வேளையிலும் புதுக் கால்தான் செய்தார்கள். பழைய காலோடு வருபவர்களுக்கு அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னார்கள்.

கால்காரருக்கு அது பிடித்திருந்தது. இதை அவர் பின்னாளில் தன் தங்கையிடம் மட்டும் ஒப்புக்கொண்டார். கழுத்தில் படம் போட்ட அட்டை தொங்கியது. ஐந்து பேரில் அவர் கைதான் வேகம். அச்சைப் பார்த்தாலே போதும், கை தானாகத் தேய்க்கும். பலகையில் எண் ஏறும்போது மற்றவர்கள் திரும்பி அவரைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் அந்தக் காய்கறிக்காரம்மா வந்தாள். இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். கிண்ணம் தளர்ந்து மீதிக்காலில் புண். உள்ளே துணி வைத்து அடைத்திருந்தாள்.

"அடுத்த கட்டத்துல பாக்கலாம்மா," என்றார் இவர்.

"சரிப்பா. அடுத்த கட்டம்னா என்னைக்கு? செவ்வாயா, புதனா? சந்தைக்கு லீவு சொல்லணும்."

 "சொல்லி அனுப்பறோம்," என்றார். அவள் தலையாட்டிவிட்டு, வந்த வழியே இரண்டு பேருந்து மாறிப் போனாள். சொல்லி அனுப்ப அங்கே யாரும் இல்லை.

வாலுவுக்கு மட்டும் குறையில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளை ஓரமாக உட்கார வைத்து, விளிம்பைத் தேய்ப்பது, கிண்ணத்தையும் பாதத்தையும் இணைக்கும் குழாயை நீட்டுவது என்று கால்காரர் ஓட்டிவிடுவார். ஆறு வயதில் ஒரு புதுக் காலும் செய்தார். எண்ணில் சேரும் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆயிரமாவது கால் கெடுவுக்கு எட்டு மாதம் முன்னாலேயே முடிந்துவிட்டது. மேலாளர் கண்கலங்க எல்லோருக்கும் கைகொடுத்தார். குறித்த காலத்துக்கு முன்பே இலக்கை எட்டியது உலகத்தில் இந்தக் கிளை மட்டும்தான் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கால்காரரும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் அந்தப் பேச்சின் பொருள் புரிந்தது. இலக்கு முடிந்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் பட்டறையும் முடிந்துவிடும்.

அன்று மாலை தங்கை இஸ்திரிக் கடையிலிருந்து வந்து பையைக்கூட வைக்காமல் கேட்டாள். "அண்ணா, அப்ப வாலுவுக்கு?"

"கடைசியா ஒண்ணு செஞ்சுடறேன். வாலு, கீழ வா, அளவு எடுக்கணும்."

"அது எத்தனை நாளைக்கு வரும்?"

"ஒரு வருஷம். இழுத்துப் பிடிச்சா ஒண்ணரை."

 தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கொஞ்சம் பெருசாவே செஞ்சுடேன். ஸ்கூல் யூனிபார்ம் அப்படித்தானே எடுக்கறோம். வளர்ற புள்ள."

கால்காரர் சிரித்துவிட்டார். "மடிச்சுத் தைக்க இது பாவாடையாடி?"

"நீ நினைச்சா முடியும்."

"மாமாவால முடியும்," என்று படிக்கட்டிலிருந்து வாலு சான்றிதழ் கொடுத்தாள்.

படுக்கப் போனவருக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. யோசிக்க யோசிக்க வழி தெரிந்தது. செயற்கைக் காலை இரண்டு சென்டிமீட்டர் நீளமாகச் செய்துவிடுவது. நல்ல காலின் ஷூவுக்கு அடியில் அதே இரண்டு சென்டிமீட்டருக்கு ரப்பர் ஒட்டுவது. ஒரே கட்டியாக இல்லாமல் நான்கு அடுக்காக. பிள்ளை வளர வளர ஓர் அடுக்கை உரித்துவிட்டால் போதும். கிண்ணத்தையும் சற்றுத் தாராளமாக விட்டு, உள்ளே மூன்று கம்பளி உறை. மீதிக்கால் பருக்கப் பருக்க ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மறுநாள் அச்செடுக்கும்போது அவருக்கே தன் மூளையை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. மூணுதரம் அம்மாவுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

கால் முடிந்தது. வாலு ஷூ போட்டுக்கொண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்தாள். இவர் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் அவள் இடுப்பெலும்பின் மேல் வைத்துப் பார்த்தார். மட்டம் பிசகவில்லை. மூன்று முறை பார்த்தார். மேலாளர் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் கட்டடத்தை ஏதோ ஒரு துறையிடம் ஒப்படைத்துப் பூட்டினார்கள். கால்காரர் பழைய கடைக்கே தச்சு வேலைக்குப் போனார். முதலாளி, "கதவுக்கும் கால் வச்சிட மாட்டியே?" என்று சிரித்தபடி உளியை எடுத்துக் கொடுத்தார்.

நான்கைந்து மாதம் கழித்து வாலு ஓட்டத்தைக் குறைத்தாள். மாடிக்கு ஏறச் சொன்னால் முனகினாள். "உடம்பு வளையமாட்டேங்குது இவளுக்கு," என்று தங்கை திட்டினாள். முதல் அடுக்கை உரிக்க இன்னும் நாள் இருக்கிறது என்று இவர் கணக்குப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாலு குளித்துவிட்டு, தங்கை அப்போதுதான் தேய்த்துக் கொடுத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு, அலமாரியில் எதையோ எட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். கால்காரர் வாசற்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பாவாடையின் கீழ்விளிம்பு ஒரு பக்கம் தூக்கியும் மறுபக்கம் தாழ்ந்தும் நின்றது. இஸ்திரி போடுகிறவள் வீட்டுப் பாவாடை அப்படி நிற்காது. தச்சனின் கண் அதை விடவில்லை. எழுந்து போய் அவள் இடுப்பில் கை வைத்தார். இடது பக்கம் ஒரு விரற்கடை உயரத்தில் இருந்தது. முதுகெலும்பு மேலே போகப் போக மறுபக்கம் வளைந்திருந்தது.

"ஷூ எங்கடி?"

"வாசல்ல, மாமா."

வாசலில்தான் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த படிக்குப் பக்கத்தில், நான்கு அடுக்கு ரப்பரோடு.

"ஸ்கூல்ல?"

"வகுப்புக்கு வெளிய கழட்டி வைக்கணும். எல்லாரும்தான்."

வீட்டிலிருந்து பள்ளிக்கு இருபது நிமிட நடை. திரும்ப இருபது நிமிடம். ஒரு நாளில் அந்த நாற்பது நிமிடம் மட்டும்தான் அவர் செய்த கணக்கு சரியாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் அந்தப் பிள்ளை ஒரு பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து, வெறுங்காலோடு, தான் செய்த தப்பு என்னவென்று தெரியாமல் திட்டு வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். செருப்பை எங்கே கழற்றுவீர்கள் என்று மூணுதரம் அம்மா மற்றவர்களிடம் கேட்டதை ஆறு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். தன் வீட்டில் கேட்கவில்லை.

அன்றே குழாயைக் கழற்றி, மரம் அறுக்கிற ரம்பத்தால் இரண்டு சென்டிமீட்டரை வெட்டி, உருக்கி ஒட்ட வழியில்லாமல் திருகாணி போட்டு இறுக்கினார். உயரம் சரியாயிற்று. ஆனால் கிண்ணம் இறுகியபோதெல்லாம் வாலு ஓர் உறையைக் கழற்றி வந்ததில், உள்ளே வேறு காரியம் நடந்திருந்தது. மீதிக்காலின் நுனி சிவந்து, தோலுக்கு அடியில் கூராக ஒன்று தட்டுப்பட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "குழந்தைகளுக்கு வெட்டின இடத்துலயும் எலும்பு வளரும். இப்ப தோலைக் குத்துது. சின்ன ஆபரேஷன்தான். நுனியை மழுக்கித் தைச்சுடலாம். ஆறு வாரம் ஆறணும். அப்புறம் புதுக் கிண்ணம் போட்டாகணும், பழசு பத்தாது. எங்க போடுவீங்க?"

"நான்தாங்க போடுவேன்."

"எங்க வச்சு?"

 

பூட்டிய கட்டடத்துக்கு மூன்று முறை போனார். காவலாளி நல்ல மனிதர். சாவி தலைநகரத்தில் ஒரு துறையிடம் இருக்கிறது, துறை எது என்று அந்தத் துறைக்கே நிச்சயமில்லை என்று சொல்லி, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ள அனுமதித்தார். மின் அடுப்பு பிளாஸ்டிக் உறை போர்த்தியபடி உள்ளே நின்றது. வெள்ளைப் பலகையில் ஆயிரம் என்ற எண் அழியாமல் இருந்தது. காய்கறிக்காரம்மா கடைக்கும் ஒருநாள் போனார். அவள் இப்போது சந்தைக்கு வருவதில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எங்கே போனாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கையில் தட்டுக் கணினியோடு ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்தாள். அமைப்பின் பயனாளிகளை மதிப்பீடு செய்கிறார்களாம். ஆயிரம் பேரில் ஐம்பது பேரைப் பொறுக்கியதில் வாலுவும் ஒருத்தி. வந்தவள் வெயிலில் அலைந்து களைத்திருந்தாள். தங்கை தண்ணீர் கொடுத்தாள். வாலு பெரிய மனுஷி போல எதிரே உட்கார்ந்தாள். அன்று அந்தச் செயற்கைக் காலைப் போட்டிருந்தாள். யாரோ வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கால் கிடைச்சுதா, பாப்பா?"

"கிடைச்சுது."

"திருப்தியா இருக்கா? ரொம்பத் திருப்தி, திருப்தி, பரவாயில்லை... இதுல எது?"

"ரொம்பத் திருப்தி," என்றாள் வாலு கண் இமைக்காமல். "ரொம்ப நல்லா இருக்கு. ஓடுவேன்கூட."

அந்தப் பெண் விரலால் ஒரு பொத்தானை அழுத்தப்போனாள்.

"அழுத்தாதீங்கம்மா," என்றார் கால்காரர். தன் குரல் அவருக்கே உரக்கக் கேட்டது. "அது பொய்யி. அந்தக் கால் அவளுக்கு ஆகலை. செஞ்சவன் நான்தான். ரெண்டு சென்டிமீட்டர் நீளமா செஞ்சுட்டேன். ஏன் செஞ்சேன்னா, அதுக்கப்புறம் சரிபண்ண யாரும் இருக்க மாட்டாங்கன்னு தெரியும். புள்ள முதுகு வளைஞ்சுபோச்சு. இதையும் எழுதுங்க."

இளம்பெண் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "ஐயா, அதுக்கு இதுல கேள்வி இல்லையே... குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. சொல்லுங்க, எழுதறேன்."

அவர் சொன்னார். மூணுதரம் அம்மாவிலிருந்து ஆரம்பித்தார். மதியங்கள் எப்படிப் போயின என்று சொன்னார். காய்கறிக்காரம்மா செவ்வாயா புதனா என்று கேட்டதைச் சொன்னார். தன் பதில் என்ன என்பதையும் விடவில்லை. வேகமாகத் தட்டிக்கொண்டே வந்த இளம்பெண் ஓரிடத்தில் நின்றாள்.

"நூத்தைம்பது எழுத்துதான் போகுது, ஐயா. நிறைஞ்சுடுச்சு."

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

அவள் படித்துக் காட்டினாள். மூணுதரம் அம்மா காய்கறிக்கடைச் சாக்கில் உட்கார்ந்ததோடு நின்றிருந்தது.

"மீதியை நான் பேப்பர்ல எழுதிக் கொடுக்கறேன்," என்றாள் அந்தப் பெண். அவள் மனதில் பொய்யில்லை. ஒரு நோட்டை எடுத்து இரண்டு பக்கம் எழுதவும் செய்தாள். திருப்திக் கேள்விக்கு மட்டும் ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த கேள்விக்குப் போகுமாம். அவர் கடைசியில் இருந்த திருப்தியில்லை என்பதைக் காட்டினார். அவள் அழுத்தினாள்.

அவள் தெருமுனை தாண்டியதும் வாலு வெடித்தாள். "நீ ஏன் மாமா அப்படிச் சொன்னே?"

"பொய் சொல்லலாமா, கண்ணு?"

"நல்லா இருக்குன்னு சொன்னா சந்தோஷப்பட்டுத் திரும்பி வருவாங்க. இன்னொண்ணு கொடுப்பாங்க. நல்லா இல்லைன்னு சொன்னா யாரு வருவா?" அவளுக்கு அழுகை முட்டியது. "நானே யோசிச்சு வச்சிருந்தேன். நீ கெடுத்துட்டே."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கால்காரர் தரையில் வாலுவுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பெண் திரும்ப வருவாளா, இரண்டு பக்கத்தையும் யாராவது படிப்பார்களா, எதுவும் அவருக்குத் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு, 'சொல்லி அனுப்பறோம்' என்று இந்தக் குழந்தையிடமும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"கழட்டு," என்றார் மெல்ல. "வலிக்குதுல்ல."

"வலிக்கலை."

"வாலு."

அவள் கொஞ்ச நேரம் வீம்பாக இருந்துவிட்டுக் காலை நீட்டினாள். அவர் கிண்ணத்தை இழுத்தார். உறையின் நுனி ஈரமாக, சிவப்பாக ஒட்டியிருந்தது. அவர் அதைப் பிய்க்காமல், தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நனைத்து நனைத்து, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்க, மெதுவாக உரிக்க ஆரம்பித்தார்.